பறவை நோக்குதல்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

பறவைகளைப் பிடிக்காமலும் கொல்லாமலும், அவை இருக்கும் இடத்திலேயே கண்டு, இனம் அறிந்து, குறித்து வைக்கும் பொழுதுபோக்கே பறவை நோக்குதல் ஆகும். பறவை காணல், பறவை அவதானிப்பு என்றும் சொல்வதுண்டு. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பைனாகுலர், ஒரு கையேடு, ஒரு குறிப்பேடு போதும். பைனாகுலர் இல்லாதவர் வீட்டுக் கொல்லையில் நின்றே தொடங்கலாம். யாருக்கும் கேடு செய்யாத இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் வேட்டையிலிருந்து பிறந்தது. துப்பாக்கி இருந்த கைக்குக் குறிப்பேடு வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

துப்பாக்கியும் பாடம் செய்த தோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பறவையை 'அறிந்தேன்' என்று ஒருவர் சொன்னால், அதைச் சுட்டு, தோலை உரித்து, பாடம் செய்து, பெட்டிக்குள் வைத்திருக்கிறார் என்று பொருள். அன்று வேறு வழியும் அதிகம் இல்லை. நல்ல தொலைநோக்குக் கருவி கிடையாது. படங்களுடன் கூடிய கையேடு கிடையாது. மரக்கிளையில் அசையும் ஒரு சிறு குருவியை இன்னதென்று உறுதி செய்ய வேண்டுமானால் அது கைக்கு வந்தாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன், பணி போக எஞ்சிய நேரத்தில் பறவைகளைச் சேகரித்தவர். அவருடைய 'இந்தியப் பறவைகள்' என்னும் நூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. அவருக்குப் பின் இத்துறையில் பெரும்பெயர் பெற்றவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசிய காங்கிரசைத் தொடங்கியவர் என்றுதான் நம் பாடநூல்கள் இவரை அறிமுகம் செய்கின்றன. நானும் பல ஆண்டுகள் அந்த ஒரு வரியோடுதான் பாடத்தை முடித்தேன். ஆனால் அவர் இந்தியப் பறவையியலின் தந்தை என்றும் போற்றப்படுபவர். 1872இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். 'உதிர்ந்த சிறகுகள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். நாடெங்கும் பணியில் இருந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் பொறியாளர்களும் தாங்கள் கண்டதை அதில் எழுதினார்கள். தொழில்முறை அறிவியலாளர்கள் அல்லாதவர்களின் குறிப்புகளே அந்த இதழின் உயிர்.

இந்தியப் பறவைகள் பற்றி ஒரு பெருநூல் எழுத வேண்டும் என்பது ஹியூமின் கனவு. அதற்காகப் பல ஆண்டுக் குறிப்புகளை சிம்லாவில் இருந்த தம் மாளிகையில் தொகுத்து வைத்திருந்தார். 1884–85 குளிர்காலத்தில் அவர் ஊரில் இல்லாதபோது, வேலையாள் ஒருவர் அந்தக் கையெழுத்துப் படிகளைப் பழைய காகிதமாக நினைத்துக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். திரும்பி வந்து பார்த்த ஹியூமுக்கு மனம் விட்டுப்போயிற்று. 1885இல், பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாக 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். தோல்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பறவைகள் உயிரோடு இருந்தபோது என்ன செய்தன என்று அவர் எழுதி வைத்தவற்றில் பெரும்பகுதி மளிகைப் பொட்டலமாகப் போயிற்று.

தொப்பியில் எண்ணிய பறவைகள்

அதே காலத்தில் மேல்நாடுகளில் பெண்களின் தொப்பிகளில் பறவைச் சிறகு வைப்பது நாகரிகமாக இருந்தது. சிறகு மட்டுமல்ல, சில தொப்பிகளில் முழுப் பறவையே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்குகளுக்கு முதுகில் வளரும் மெல்லிய இழைகளுக்குத் தங்கத்துக்கு நிகரான விலை கிடைத்தது. அந்த இழைகளுக்காகத் தாய்ப்பறவைகளைச் சுட்டார்கள். கூட்டில் இருந்த குஞ்சுகள் பட்டினியால் செத்தன.

1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற அமெரிக்கர் நியூயார்க் நகரத் தெருக்களில் நடந்து, எதிரே வந்த பெண்களின் தொப்பிகளைப் பார்த்துப் பறவைக் கணக்கு எடுத்தார். 700 தொப்பிகளில் 542இல் சிறகுகள் இருந்தன; அவற்றில் 40 வகைப் பறவைகளை அவர் அடையாளம் கண்டார். பறவை நோக்கலின் வரலாற்றில் இதைவிட வேதனையான பட்டியல் எனக்குத் தெரியவில்லை.

இந்த வணிகத்தை எதிர்த்து முதலில் எழுந்தவர்களும் பெண்களே. இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் 1889இல் தொடங்கிய சிறு அமைப்பு, பின்னாளில் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. பாஸ்டன் நகரில் ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் இருவர் 1896இல் தேநீர் விருந்துகளுக்குத் தோழியரை அழைத்து, சிறகுத் தொப்பி அணிவதில்லை என்று உறுதி பெற்றார்கள். மசாச்சூசெட்ஸ் ஆடுபான் சங்கம் இப்படித்தான் உருவாயிற்று. 1889இல் ஃபுளாரன்ஸ் மெரியம் என்ற இளம்பெண் எழுதிய நூல், நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் சிறு கண்ணாடி வழியாகப் பறவைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. 1894இல் சைஸ் நிறுவனத்தின் முப்பட்டகப் பைனாகுலர் விற்பனைக்கு வந்தது. 1901இல் இங்கிலாந்தின் எட்மண்ட் செலூஸ் தம் நூலுக்கு 'பேர்ட் வாச்சிங்' என்றே பெயரிட்டார். இந்தப் பொழுதுபோக்கின் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து பரவியது.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் இரு அணிகளாகப் பிரிந்து, யார் அதிகம் சுடுவது என்று போட்டி போடும் வழக்கம் இருந்தது. 1900 டிசம்பரில் அதே சாப்மன், சுடுவதற்குப் பதில் எண்ணிப் பார்க்கலாமே என்று அழைத்தார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நடந்துவருகிறது. 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு, ஒவ்வொரு பறவையிலும் கவனிக்க வேண்டிய அடையாளத்தைச் சிறு கோட்டால் சுட்டிக்காட்டியது. பறவையைக் கையில் எடுக்காமலே பெயர் சொல்ல முடியும் என்ற நிலை அதன் பிறகு உறுதியாயிற்று.

வேடந்தாங்கல்: பொழுதுபோக்குக்கு முந்தைய பாதுகாப்பு

மேற்கில் நடந்த இந்த மாற்றத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பொழுதுபோக்கு என்ற எண்ணமே இல்லாமல் பறவைகளைக் காத்த ஊர் ஒன்று நம்மிடம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 எக்டர் பரப்புடையது. வேடர் பெயரைத் தாங்கிய ஊர். 'தாங்கல்' என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல் போன்ற பெயர்களிலும் அது உண்டு. வேடர் பெயர் கொண்ட ஏரி பறவைகளின் அடைக்கலமானதுதான் வேடிக்கை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடத் தொடங்கினார்கள். ஊரார் செங்கல்பட்டுக்குச் சென்று ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று அவர்களுக்கு ஓர் உறுதிப்பத்திரம் அளித்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது.

ஊராரின் காரணம் எளிமையானது. ஏரியில் உள்ள நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் அடைகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து பாய்கிறது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா ஆகிய எல்லாமே அவர்களுக்கு வேளாண்மையின் பங்காளிகள். இதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. அழகுக்காகக் காக்கப்பட்டவற்றைவிட, பயனுக்காகக் காக்கப்பட்டவை சில சமயம் நீண்ட நாள் நிலைக்கின்றன. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

1936இல் வேடந்தாங்கல் அரசின் ஏற்பைப் பெற்ற சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இடையில் 2020இல், 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஊரார் முறையிடச் சென்று 200 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அதே ஏரிக்காக வாதாட வேண்டியிருந்தது.

சாலிம் அலியின் இரு குருவிகள்

இந்தியாவில் துப்பாக்கிக் காலத்தையும் குறிப்பேட்டுக் காலத்தையும் ஒரே வாழ்க்கையில் இணைத்தவர் சாலிம் அலி (1896–1987). மும்பையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைச் சாப்பிடலாமா என்று கேட்கத் தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியிடம் கொண்டுபோனார். அவருக்கும் தெரியவில்லை. 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சிறுவனை அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம் செய்த பறவைகள் நிறைந்த பெட்டிகளையும் திறந்து காட்டினார்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். இரண்டாவது குருவியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலை எதுவும் கிடைக்காத ஒரு காலத்தில், மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் மனைவியோடு அவர் தங்கியிருந்தார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் நாள்தோறும் அவற்றைப் பார்த்தார். எந்தக் கூட்டுக்கு எந்தப் பறவை வருகிறது என்று குறித்தார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டுகிறது. பெண் வந்து சோதித்துப் பார்க்கிறது. பிடித்தால் குடியேறுகிறது, ஆண் மீதியை முடித்துவிட்டு அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடுகிறது, இன்னொரு துணைக்காக. 1931இல் வெளிவந்த அந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பெட்டியில் இருக்கும் ஆயிரம் தோல்களும் சொல்லாத செய்தி அது.

சாலிம் அலி துப்பாக்கியை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுதுவது தவறாகும். அறிவியல் சேகரிப்புக்காக அவர் நெடுங்காலம் பறவைகளைச் சுட்டார். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் 1941இல் வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' கையேடு, துப்பாக்கி இல்லாத ஒரு புதிய கூட்டத்தை உருவாக்கிற்று.

பறவை பிடிப்பவர்களின் அறிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்டன் கண்டெடுத்த ஓர் இரவுப்பறவை, ஜெர்டன் கோர்சர் எனப்படுவது, அற்றுப்போய்விட்டதாகப் பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1986இல் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் அது இன்னும் வாழ்வது உறுதியானது. படித்த ஆய்வாளர்கள் தேடித் திரிந்த அந்தப் பறவையைக் கண்டு பிடித்துத் தந்தவர் உள்ளூர்ப் பறவை வேட்டைக்காரர் ஒருவர். காடை, கவுதாரியின் நடமாட்டம் பற்றி நம் ஊர் நரிக்குறவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எந்த நூலிலும் ஏறவில்லை.

தமிழில் பறவைகளை எழுதியவர்கள்

பறவையை உற்றுப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் நாரையும் அன்றிலும் தூக்கணாங்குருவியும் அவற்றின் பழக்கவழக்கங்களோடு வருகின்றன. ஆனால் நாள், இடம், எண்ணிக்கை குறித்து வைக்கும் பொழுதுபோக்கு இங்கே ஆங்கிலம் வழியாகவே வந்தது.

அதைத் தமிழ் மண்ணோடு பொருத்தியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை இறக்கும் வரை எழுதினார். பல கருவிகளின் பாகங்களைக் கொண்டு தாமே இணைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைப் பின்னர் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்தார். 1978இல் சென்னை இயற்கையாளர் சங்கம் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாற்றுக்கும் பள்ளிக்கரணைக்கும் கூட்டமாகச் செல்வது ஒரு வழக்கமாயிற்று.

தமிழில் தொடங்குபவருக்கு முதலில் வரும் சிக்கல் பெயர். இரட்டைவால் குருவி என்று ஓர் ஊரில் சொல்வதை அடுத்த ஊரில் கரிச்சான் என்பார்கள், இன்னோர் ஊரில் வலியன். செம்போத்தும் செண்பகமும் ஒன்றே. க. ரத்னம் இப்பெயர்களைத் தேடித் தொகுத்தது பெரும்பணி. 2013இல் ஆசை, ப. ஜெகநாதன் இருவரும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' மாணவர் பைக்குள் அடங்கும் அளவில் இருக்கிறது. அந்த நூல் நான் பணியில் சேர்ந்த காலத்திலேயே வந்திருக்கலாகாதா என்று எண்ணியதுண்டு.

குறிப்புகள் கணக்கானபோது

2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் இணைந்து 'இ-பேர்ட்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கின. யாரும் தாம் கண்ட பறவைகளின் பட்டியலை அதில் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இப்படிச் சேர்ந்த பட்டியல்களைக் கொண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020இலும் 2023இலும் வெளிவந்தது. 2023 அறிக்கைக்கு அடிப்படை, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் தந்த ஏறக்குறைய 3 கோடிப் பதிவுகள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருவதாக அது கூறுகிறது.

2020 அறிக்கை சிட்டுக்குருவி பற்றிச் சொன்னது எனக்குத் தனிப்பட்ட முறையில் உறைத்தது. கைப்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிகிறது என்பது ஊரறிந்த பேச்சு. 2018இல் வந்த '2.0' திரைப்படமும் அதையே கதையாக்கியது. நானும் வகுப்பில், எந்தச் சான்றும் கேட்காமல், மாணவர்களிடம் அதையே சொல்லியிருக்கிறேன். பட்டியல்கள் காட்டியது வேறு. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருந்தது, பெருநகரங்களில்தான் குறைந்துவந்தது. கோபுரக் கதிர்வீச்சுக்குச் சான்று இல்லை என்றும் அவ்வறிக்கை குறிப்பிட்டது. அந்த மாணவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள்.

சிட்டுக்குருவிக்குக் கூக்குரல் எழுந்த அதே காலத்தில் சத்தமில்லாமல் மறைந்தவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். 1991 முதல் 1993 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வட இந்தியச் சாலைகளில் பயணம் செய்து, கண்ணில் பட்ட கழுகு, பருந்து, பாறு எல்லாவற்றையும் எண்ணினார்கள். பாறு அழியப்போகிறது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 2000க்குப் பிறகு அதே சாலைகளில் மீண்டும் எண்ணியபோதுதான் இழப்பின் அளவு தெரிந்தது. 2007 அளவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. மாட்டுக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் கண்டறியப்பட்டது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. பழைய எண்ணிக்கை இல்லாதிருந்தால் புதிய எண்ணிக்கையை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

இதைப் படித்தபோது எனக்குத் திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வந்தது. மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வரும்; குருக்கள் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார். அவை மஞ்சள்முகப் பாறுகள் என்பது பின்னாளில் தெரிந்துகொண்டது. சிறுவனாகத் தந்தையின் தோள்மேல் இருந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியரான பிறகு மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். 1990களில் அவை வருவது நின்றுபோயிற்று. நாங்கள் போன ஒரு நாளில் ஒன்று மட்டும் வந்தது போலவும், இன்னொரு நாளில் வெகுநேரம் காத்திருந்து திரும்பியது போலவும் ஒரு நினைவு. எந்த ஆண்டு, எந்த மாதம், வந்தது ஒன்றா இரண்டா? ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பையில் வருகைப்பதிவேடு இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தேன். ஹியூமின் குறிப்புகளாவது கடைத்தெரு வரை போயின.

தமிழ்நாட்டில் இன்று பாறுகளைக் காண வேண்டுமானால் முதுமலை, சத்தியமங்கலம் பகுதியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும்.

தொடங்குபவருக்குச் சில செய்திகள்

பொழுதுபோக்கு பரவியதில் ஒரு கெடுதியும் உண்டு. நல்ல படத்துக்காகக் கூட்டின் அருகே செல்வதும், மறைக்கும் கிளைகளை ஒடிப்பதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் நடக்கின்றன. தாய்ப்பறவை விலகிய சிறிது நேரத்தில் காகம் முட்டையை எடுத்துவிடும். துப்பாக்கி இல்லாமலும் கேடு செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. கூடு தெரிந்தால் விலகி வந்துவிடுவதே முறை. இடத்தை வெளியே சொல்லவும் வேண்டாம்.

பட்டியல் எடுப்பதற்குக் குறைந்தது 15 நிமிடம் போதுமானது. நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுத வேண்டும். கண்டதும் கேட்டதுமான எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடுவது தொடக்கக்காரர் செய்யும் பிழை. முழுப் பட்டியலாக இருந்தால்தான், அதில் இல்லாத பறவை அன்று அங்கே காணப்படவில்லை என்று கணக்கிடுவோர் எடுத்துக்கொள்ள முடியும். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதுவதைவிட, 'தெரியாத குருவி 1, வால் நீளம், வயிறு வெண்மை' என்று எழுதுவது மேல்.

இன்று காலை மொட்டைமாடியில் 6.30 முதல் 6.45 வரை என் குறிப்பேட்டில் உள்ளவை: காகம் 14, மாடப்புறா 9, மைனா 4, கரிச்சான் 1, பச்சைக்கிளி 6, செம்போத்து 1 (குரல் மட்டும்), சிட்டுக்குருவி 3.